விரலுக்குத் தக்க வீக்கம்



"விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன். வீட்டிற்கு ஒரு கணிப்பொறி வாங்கித் தரச் சொல்கிறார்கள். ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா?"

தில்லிக்கு வந்த இந்த ஆறாண்டுகளில் நம் சங்கத்து இளையவர்கள் என்னிடம் எத்தனை முறை இதைக் கேட்டிருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. மலரின் ஆசிரியர் குழுவினர், "வாயால் சொல்வதை எழுதியே கொடுத்துவிடுங்கள்" என்று பணித்தார்கள். எழுத ஒப்பினேன். நான் இத்துறையில் பெரும்புலவன் என்பதனால் அன்று. இத்துறையில் ஒரு பெரும்பிழை செய்தவன் என்பதனாலேயே ஒப்பினேன். பிழை செய்தவன் சொல்லும் வழி, சில வேளைகளில், அறிஞன் சொல்லும் வழியைவிடப் பயன்படும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'செயலி' என்னும் நல்ல தமிழ்ச்சொல் நம்மிடம் உண்டு. ஆனால் இன்று அது கைப்பேசியில் நாம் தட்டித் திறக்கும் 'ஆப்'புக்கும் பெயராகிவிட்டது. ஒரு சொல் இரு பொருளில் மயங்குவதைத் தவிர்க்க, கடையில் வழங்கும் 'பிராசசர்' என்னும் சொல்லையே இங்கு ஆள்கின்றேன். தமிழ்ப்பற்றாளர் பொறுத்தருள்க.

நான் செய்த பிழை

2022ஆம் ஆண்டின் இறுதியில், கும்பகோணத்தில் தையற்கடை நடத்தும் என் தந்தையார் சீட்டு எடுத்த பணத்தில் பதினாறாயிரம் ரூபாயை எனக்கு அனுப்பினார். தங்கை பி.காம். முதலாண்டு சேர்ந்திருந்தாள். "நீ தில்லியிலே இருக்கிறாய், உனக்குத் தெரியாததா? பாப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் பார்த்து வாங்கி வா" என்றார்.

நேரு பிளேஸ் சென்றேன். ஒரு கடையில் பழைய கணிப்பொறி ஒன்றைக் காட்டி, "ஐ7" என்றார்கள். அந்த எழுத்தும் எண்ணும் என் கண்ணை மறைத்துவிட்டன. பதினாறாயிரத்துக்குள் ஐ7! பேரம் பேசி வாங்கி, துணியில் சுற்றி, தமிழ்நாடு எக்ஸ்பிரசில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தந்தையார் அதற்குச் சந்தனப் பொட்டு இட்டார்.

சில மாதங்கள் கழிந்தன. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். இரவு ஒன்பது மணிக்குத் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, ஒரு பக்கம் திறக்கவே ஐந்து நிமிஷம் ஆகிறது. சான்றிதழை ஏற்றினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது." நான் இங்கிருந்து அதைச் செய், இதைச் செய் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. தந்தையார் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பிரௌசிங் சென்டருக்குப் போனார். ஒன்று பூட்டியிருந்தது, மற்றொன்றில் கூட்டம். நள்ளிரவு கடந்தது, அவ்வாண்டின் உதவித்தொகையும் கடந்தது. தந்தையார் என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. கடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன்.

அந்த ஐ7 ஏன் அப்படி ஊர்ந்தது? விடை தேடிப் போனபோதுதான், நான் வாங்கும்போது பார்த்தது ஒன்று, பார்த்திருக்க வேண்டியது வேறொன்று என்று விளங்கிற்று.

கணிப்பொறி என்னும் சமையற்கட்டு

நம் மெஸ்ஸின் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சமையற்காரர் இருக்கிறார். அவர்தாம் பிராசசரில் உள்ள 'கோர்'. நான்கு கோர் என்றால் நான்கு சமையற்காரர். காய்கறியும் பாத்திரமும் பரப்பி வைக்கும் மேடை இருக்கிறது, அதுதான் ரேம். அரிசியும் பருப்பும் அடுக்கியிருக்கும் உக்கிராண அறை இருக்கிறது. அதுதான் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி.

'த்ரெட்' என்று ஓர் எண்ணும் சொல்வார்கள். ஒரு சமையற்காரர் இரண்டு அடுப்பைப் பார்த்துக்கொள்வது போன்றது அது. ஓர் அடுப்பில் உலை கொதிக்கக் காத்திருக்கும் நேரத்தில் மற்றொன்றைக் கிளறலாம். வேலை கூடும், ஆனால் இரண்டு ஆள் சேர்ந்தது போல் இரட்டிப்பாகாது.

'கிகாஹெர்ட்ஸ்' என்பது கரண்டி ஓட்டம். ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு நூறு கோடித் துடிப்பு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கரண்டி எத்தனை முறை ஓடுகிறது என்பது மட்டும் போதாது. ஒவ்வோர் ஓட்டத்திலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதும் வேண்டும். கைதேர்ந்தவர் ஒரு வீச்சில் முடிப்பதைப் பழகாதவர் மூன்று வீச்சில் முடிப்பார். பிராசசரின் உள்ளமைப்பு தலைமுறைக்குத் தலைமுறை திருந்தி வந்திருக்கிறது. ஒரே துடிப்பில் முடியும் வேலையும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

இதற்குச் சான்றாக இரண்டு பிராசசர்களை அருகருகே வைத்துக் காண்போம். ஒன்று, நான் வாங்கிய ஐ7-2600. அது 2011இல் வந்தது. நான்கு கோர், எட்டு த்ரெட், 3.4 கிகாஹெர்ட்ஸ், உச்சத்தில் 3.8. மற்றொன்று, 2022இல் வந்த ஐ3-12100. அதுவும் நான்கு கோர், எட்டு த்ரெட், 3.3 கிகாஹெர்ட்ஸ், உச்சத்தில் 4.3. தாளில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் வேலையில், ஒரு கோரின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே, பின்னது முன்னதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. வெப்ப அளவோ முன்னதற்கு 95 வாட், பின்னதற்கு 60 வாட். பட்டத்தில் பெரியது ஐ7. பணியில் பெரியது ஐ3.

ஆகவே, 'ஐ3, ஐ5, ஐ7' என்பன ஒரே ஆண்டில் பிறந்தவற்றுக்குள் உயர்வு தாழ்வு காட்டும் பட்டங்களே. வெவ்வேறு ஆண்டில் பிறந்தவற்றை அப்பட்டத்தால் ஒப்பிடுவது தவறு. அதை அடுத்து வரும் எண்ணே ஆண்டைக் காட்டும். 2600 என்பதில் முதல் எண் 2; இரண்டாந் தலைமுறை. 12100 என்பதில் முதல் இரண்டு எண் 12, பன்னிரண்டாந் தலைமுறை. கடைக்காரர் 'ஐ7' என்று நிறுத்தினால், "அதற்குப் பின் என்ன எண்?" என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

குற்றவாளி வேறொருவன்

பழைய பிராசசர்தான் தங்கையின் துன்பத்துக்குக் காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அடுத்த விடுமுறைக்கு ஊர் சென்றேன். அங்கே எனக்கு இரண்டாவது பாடம் காத்திருந்தது.

கணிப்பொறியை இயக்கி, விண்டோசில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசசர் நூற்றுக்குப் பத்தளவே உழைத்துக்கொண்டிருந்தது. ரேம் 4 ஜி.பி.; நிரம்பி வழிந்தது. ஹார்டு டிஸ்க் நூற்றுக்கு நூறு! சமையற்காரர் சும்மா நிற்கிறார். உக்கிராணத்துக்குப் போன ஆள் திரும்பவில்லை.

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. வேண்டிய இடம் ஊசியின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காக்க வேண்டும். அதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு. ஊசி நகரும் நேரத்தையும் கூட்டினால் ஆயிரத்தில் பத்துப் பங்கு அளவில் ஆகும். சிறிய காலந்தானே என்று எண்ணலாம். ஆனால் 3.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அந்தச் சிறு காலத்தில் 3 கோடியே 40 இலட்சம் துடிப்புகள் வீணாகின்றன! நொடிக்கு ஏறத்தாழ நூறு இடங்களில்தான் அந்த ஊசி தொட்டு எடுக்க முடியும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் இடங்களிலிருந்து அது எடுத்துத் தரும்.

ரேம் போதாமையும் இதோடு சேர்ந்துகொண்டது. மேடையில் இடம் இல்லாவிட்டால், பாதி நறுக்கிய காயை உக்கிராணத்திலே கொண்டுபோய் வைத்து, பிறகு மீண்டும் எடுத்து வருவது போல, கணிப்பொறியும் ரேமில் கொள்ளாததை டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும். மெதுவான உக்கிராணத்துக்கு வேலையும் கூடிவிடும்.

256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும், அப்பழைய மதர்போர்டுக்குரிய டி.டி.ஆர்.3 ரேம் 4 ஜி.பி.யும் வாங்கிப் பொருத்தினேன். அதே ஐ7, அதே மதர்போர்டு. பக்கங்கள் உடனுக்குடன் திறந்தன. தங்கை பார்த்துவிட்டு, "இதை முன்பே செய்திருக்கலாமே, அண்ணா" என்றாள். என்னிடம் விடையில்லை.

தோழர்களே, இக்கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: வீட்டுக் கணிப்பொறி மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் பிராசசர் காரணமன்று. கையில் உள்ள பணத்தை எல்லாம் பிராசசரில் கொட்டிவிட்டு, ரேமிலும் எஸ்.எஸ்.டி.யிலும் கஞ்சத்தனம் செய்வது, தலைப்பாகைக்குப் பட்டு வாங்கிவிட்டு வேட்டி இல்லாமல் நிற்பதற்கு ஒப்பாகும்.

வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

வீட்டில் என்ன செய்கிறோம்? இணையப் பக்கங்கள் பார்க்கிறோம், கடிதமும் கணக்கும் எழுதுகிறோம், படமும் பாட்டும் காண்கிறோம், காணொளி வகுப்பில் அமர்கிறோம், விண்ணப்பம் நிரப்புகிறோம். இவற்றுக்கு, அண்மைத் தலைமுறையைச் சேர்ந்த நான்கு கோர் பிராசசர் ஒன்று தாராளம். எட்டுக் கோரும் பதினாறு கோரும் திரைப்படம் தொகுப்பவர்க்கும், பெரிய நிரல் எழுதுவோர்க்கும் உதவும். ஒரு பக்கத்தைத் திறக்கும் வேலையைப் பதினாறு பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்க இயலாது. அது பெரிதும் ஒரு கோரின் வேகத்தையே சார்ந்தது.

இரண்டு கோர் மட்டும் உள்ள மலிவு லேப்டாப்புகளிடம் எச்சரிக்கை வேண்டும். 2019இல் வந்த செலரான் என்4020 அத்தகையது. இரண்டு கோர், இரண்டே த்ரெட். இப்படிப்பட்ட லேப்டாப்புகள் பலவற்றில் 4 ஜி.பி. ரேமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். பின்னால் கூட்டவும் வழியில்லை. விலை குறைவுதான், ஆனால் வாங்கிய நாள்முதல் மூச்சு வாங்கும்.

எழுத்துகளின் பொருள்

எண்ணுக்குப் பின் நிற்கும் ஓர் எழுத்து உங்கள் பணத்தைக் காக்கும், அன்றிக் கவிழ்க்கும்.

இன்டெல் மேசைக் கணிப்பொறிப் பிராசசரில் 'எஃப்' என்று முடிந்தால், திரைக்குப் படம் அனுப்பும் உறுப்பு அதில் இயங்காது. ஐ3-12100 படம் காட்டும். ஐ3-12100எஃப் தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலன்றிப் படம் காட்டாது. விலை குறைவு என்று எஃப் வாங்கிவிட்டு, கறுத்த திரையைப் பார்த்துத் திகைத்த நண்பர் ஒருவர் நம் விடுதியிலேயே உண்டு.

ஏ.எம்.டி. ரைசன் 5000 வரிசை மேசைப் பிராசசரில் நிலை தலைகீழ். அங்கே 'ஜி' இருந்தால் படம் காட்டும். ரைசன் 5 5600ஜி காட்டும். வெறும் 5600 காட்டாது.

இன்டெலில் 'கே' என்பது வேகத்தை மேலும் முடுக்குவோர்க்கு உரியது. அதோடு விசிறி வராது, வீட்டுக்கு வேண்டியதில்லை. லேப்டாப்பில் 'யூ' என்றால் மின்சாரம் குறைவாகக் கொள்வது. 'ஹெச்' என்றால் வேகமும் வெப்பமும் கூடியது. வீட்டு வேலைக்கு 'யூ' போதும்.

எண்களிலும் ஒரு மாயம் உண்டு. ரைசன் 5 7520யூ, 7530யூ, 7540யூ ஆகிய மூன்றும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஆனால் மூன்றாம் எண்ணே உள்ளமைப்பைச் சொல்வது. 2 என்றால் ஜென் 2. 3 என்றால் ஜென் 3. 4 என்றால் ஜென் 4. முதல் எண் புதுமை காட்ட, உள்ளே பழைய அமைப்பு இருக்கலாம். இன்டெலும் 2023 இறுதி முதல் 'ஐ'யை விட்டு, 'கோர் அல்ட்ரா 5', 'கோர் 5' என்று புதுப் பெயர் சூட்டத் தொடங்கியது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். 'எந்த ஆண்டில் வந்தது, எத்தனை கோர், படம் காட்டுமா?' என்னும் மூன்று கேள்விகள் மட்டும் மாறா.

நான்கு வழிகள்

முதல் வழி, மிகச் சிறிய செலவு. 2023இல் வந்த இன்டெல் என்100. நான்கு கோர்; வெப்ப அளவு 6 வாட் மட்டுமே. கைப்பிடிப் பெட்டி போன்ற சிறு கணிப்பொறிகளில் மதர்போர்டோடு பற்றவைத்தே வரும். படம் பார்க்க, பக்கம் புரட்ட, கடிதம் எழுத நன்று. பின்னால் பிராசசரை மாற்ற இயலாது.

இரண்டாம் வழி, ஐ3-12100. நான் பின்னர் வாங்கியது இதுவே. ஏ.வி.1 என்னும் புதிய முறையில் சுருக்கிய காணொளியையும் தன் உறுப்பாலேயே விரித்துக் காட்டும். ஒரு குறிப்பு: இதற்குரிய மதர்போர்டுகளில் டி.டி.ஆர்.4 ரேம் கொள்வன உண்டு, டி.டி.ஆர்.5 கொள்வனவும் உண்டு. ஒன்றுக்குரியது மற்றொன்றில் பொருந்தாது. மதர்போர்டையும் ரேமையும் சேர்த்தே தேர்க.

மூன்றாம் வழி, 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், டி.டி.ஆர்.4. தனிக் கார்டு இன்றிச் சிறு விளையாட்டுகளும் ஆடலாம். ஏ.வி.1ஐ விரிக்கும் தனி உறுப்பு இதில் இல்லை. அவ்வேலையைக் கோர்களே செய்துகொள்ளும். தம்பி தங்கையர் விளையாட விரும்பும் வீட்டுக்கு ஏற்றது.

இவ்விரண்டிலும் ரேமை ஒரே துண்டாக 16 ஜி.பி. வாங்காமல், எட்டு எட்டாக இரண்டு துண்டு வாங்குக. டி.டி.ஆர்.4-3200 துண்டு ஒன்று நொடிக்கு 25.6 ஜி.பி. தரும், இரண்டு துண்டு, இரு வழியாக, 51.2 தரும். படம் காட்டும் உறுப்பும் அதே ரேமையே நம்பி வாழ்வதால் இவ்வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

நான்காம் வழி, பழையது வாங்குதல். இதை இகழ வேண்டாம். எண்ணை மட்டும் பார்க்க. அலுவலகங்கள் கழித்துவிடும் கணிப்பொறிகளில் எட்டாந் தலைமுறை ஐ5-8500 போன்றவை கிடைக்கும். 2018இல் வந்தது, ஆறு கோர். எட்டு என்னும் வரம்பை நான் ஏன் சொல்கிறேன்? விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாந் தலைமுறை முதற்கொண்டே இன்டெல் பிராசசர்களை ஏற்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஏழாந் தலைமுறையும் அதற்கு முந்தியதும் மலிவாகத் தெருவுக்கு வருவதற்கு இதுவே காரணம். லினக்ஸ் போட்டு ஆளத் தெரிந்தவர்க்கு அவையும் உதவும். தெரியாத பெற்றோர்க்கு வாங்கித் தராதீர்கள்.

செலவும் கணக்கும்

"வாட் கூடினால் மின்கட்டணம் ஏறாதா?" என்று தந்தையார் கேட்டார். திரையும் சேர்த்து 60 வாட் கொள்ளும் கணிப்பொறி நாளுக்கு ஐந்து மணி ஓடினால் 300 வாட்-மணி, அதாவது 0.3 யூனிட். முப்பது நாளுக்கு 9 யூனிட். நூறு வாட் கொண்டால் 15 யூனிட். வேறுபாடு மாதம் 6 யூனிட் மட்டுமே. மேலும் பிராசசரின் மேல் எழுதிய வாட், அது எந்நேரமும் உண்ணும் அளவன்று. சும்மா இருக்கையில் மிகக் குறைவாகவே கொள்ளும்.

பணத்தைப் பங்கிடும் முறை இதுதான். முதலில் எஸ்.எஸ்.டி.க்கு ஒதுக்குக. அடுத்து ரேம், 8 ஜி.பி. குறைந்த அளவு, 16 நிறைந்த அளவு. எஞ்சியதில் படம் காட்டக்கூடிய அண்மைத் தலைமுறைப் பிராசசர். 2025 இறுதியில் ரேமின் விலை உலகெங்கும் ஏறிற்று. ஆதலால் பழைய கணக்கை நம்பாமல் வாங்கும் வாரத்தின் விலையை விசாரித்துக்கொள்க. விலை மிகுந்திருந்தால் ஒரு துண்டு 8 ஜி.பி.யோடு தொடங்கி, இரண்டாவது இடத்தைக் காலியாக வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியோடு வரும் பிராசசரைக் கேட்டு வாங்குக. அதற்கு உற்பத்தியாளரின் மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. 'டிரே' என்று தளர்வாக விற்பதற்குக் கடைக்காரரின் சொல்லே உத்தரவாதம். ரசீதில் பிராசசரின் முழு எண்ணும், முடிவில் உள்ள எழுத்தும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள். ஊருக்கு எடுத்துச் செல்வதற்கு முன், விடுதியிலேயே இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

முடிவாக ஒன்று

2025 ஆகஸ்டில், என் ஆய்வு உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, ஐ3-12100, 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. கொண்ட கணிப்பொறி ஒன்றைத் தங்கைக்கு வாங்கிக் கொடுத்தேன். படிப்பின் கடைசி ஆண்டுக்கான விண்ணப்பங்களை அவள் முன்பே முடித்துவிட்டிருந்தாள். இப்போது வேலைக்கு விண்ணப்பிக்க அது பயன்படுகிறது. பழைய ஐ7 லினக்சோடு தந்தையாரின் தையற்கடையில் இருக்கிறது. வாடிக்கையாளர் அளவுகளை அதில் எழுதி வைக்கிறார். மாலையில் பழைய பாட்டுக் கேட்கிறார். சந்தனப் பொட்டின் தழும்பு இன்னும் அதன் நெற்றியில் இருக்கிறது.

தில்லியில் படிக்கிறோம் என்பதனால், வீட்டார் நம் சொல்லை ஆராயாமல் ஏற்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் குனிந்து உழைத்த பணம். அதைக் கடைக்காரரிடம் எண்ணிக் கொடுப்பதற்கு முன், பட்டத்தைப் பாராமல் எண்ணைப் பாருங்கள். எண்ணைப் பார்த்தபின் எழுத்தைப் பாருங்கள். ஐயம் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் தவறாமல் வருகிறேன்.